சதுரங்கம் போய்வந்த வழி

திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலைக்கு மேற்கே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. நான் குடியிருப்பது அங்கே. பௌர்ணமி இரவுகளில் எங்கள் தெருமுனையில் மக்கள் வெள்ளம் விடியும்வரை நகர்ந்துகொண்டிருக்கும். 2022 ஜூலை மாதத்தில் அப்பாதையில் ஒரு புதுமுகத்தைக் கண்டேன். வேட்டி சட்டை அணிந்து, இரு கைகளையும் கூப்பி, வருவோரையும் போவோரையும் வரவேற்கும் ஒரு குதிரை! மாமல்லபுரத்தில் நடைபெறவிருந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டிக்குத் தமிழ்நாடு அரசு தேர்ந்துகொண்ட சின்னம் அது. பெயர் 'தம்பி'. சுவரொட்டிகளிலும் பேருந்துகளின் முதுகிலும் அது எங்களைப் பார்த்துச் சிரித்தவண்ணம் இருந்தது.

மறுநாள் வகுப்பில் அக்குதிரையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "ஹஸ்ரத், செஸ் விளையாடக் கூடுமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். பின்வரிசையிலிருந்து மற்றொருவர், "அது நம் நாட்டு விளையாட்டா, அரபிகள் விளையாட்டா?" என்றார். முதல் கேள்விக்குரிய விடை கிதாபுகளில் இருக்கிறது. அதைப் பக்கம் புரட்டிக் காட்டிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில், "நம் நாட்டு விளையாட்டு" என்று கூறி அவரை அமர்த்தினேன். அவ்விடை பொய்யன்று, ஆனால் பாதி விடை. மீதிப் பாதி, நான் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் அரபு மொழியிலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

போட்டி தமிழகத்துக்கு வந்த கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2020இல் ரஷ்யாவின் காந்தி-மான்சீஸ்க் நகரில் நடக்கவேண்டிய ஒலிம்பியாட், மாஸ்கோவுக்கு மாற்றப்பட்டதோடு கொரோனாவால் தள்ளியும் போயிற்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அவ்வாய்ப்பை ரஷ்யாவிடமிருந்து விலக்கிக்கொண்டது. மார்ச் மாத நடுவில் சென்னை தேர்வாயிற்று. வழக்கமாக 18 மாதங்கள் பிடிக்கும் ஏற்பாடுகளை நான்கே மாதங்களில் முடித்ததாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடக்க விழாவில் பெருமையுடன் குறிப்பிட்டார். அப்பெருமை நியாயமானதே. மாநில அரசு இதற்கென 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரதமர் நரேந்திர மோடி போட்டியைத் தொடங்கிவைத்தார். பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள் பதிவாயின. ஓர் அணிக்கு நான்கு பலகைகள் எனக் கணக்கிட்டால், ஒரே வேளையில் ஏறத்தாழ 700 பலகைகளில் காய்கள் நகர்ந்திருக்கின்றன. 11 சுற்றுகள், இடையே ஒரே ஒரு நாள் ஓய்வு.

சென்னைக்கு இத்தகுதி திடீரென வாய்த்ததன்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன் (1961) இங்கிருந்து எழுந்தவர். 1972இல் சோவியத் கலாசார மையத்தில் அவர் முயற்சியால் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பயின்றார். 1988இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தெற்காசியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் முதல் கிராண்ட்மாஸ்டர் அவரல்லர். அதற்கு முந்தைய ஆண்டே பங்களாதேசத்தின் நியாஸ் முர்ஷித் அப்பட்டத்தை அடைந்துவிட்டார். இதை நம்மவர்களே பலர் அறியார்.

விழாப் பேச்சுகளிலும் விளம்பரங்களிலும் ஒரு கருத்து திரும்பத் திரும்ப ஒலித்தது: சதுரங்கம் தன் தாயகத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஒலிம்பியாட் வரலாற்றில் முதன்முறையாகச் சுடரோட்டம் நடத்தப்பட்டது. இனி எங்கு போட்டி நடப்பினும் சுடர் இந்தியாவிலிருந்தே புறப்படும் என்று ஃபிடே அறிவித்தது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூர்க் கோவிலில் இறைவனே இளவரசியுடன் சதுரங்கம் ஆடியதாகச் சொல்லப்படும் தலபுராணத்தைப் பிரதமர் எடுத்துரைத்தார். இவற்றில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. விளையாட்டு இந்தியாவில் பிறந்தது என்று முதலில் உரக்கச் சொன்னவர்களே அரபு ஆசிரியர்கள்தாம். என் மனத்தை உறுத்தியது வேறொன்று. வீட்டைவிட்டுப் போன பிள்ளை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறான். மாலை சூட்டினோம், ஊர்வலம் விட்டோம். 'இத்தனை காலமும் எங்கே இருந்தாய், யார் உனக்குச் சோறு போட்டார்கள்?' என்று கேட்பார் எவருமில்லை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளையுடைய படை 'சதுரங்கம்'. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் இவ்விளையாட்டின் குறிப்புக் காணப்படுகிறது. பாரசீகர் அதைச் 'சத்ரங்க்' என்றனர். இந்திய மன்னன் ஒருவன் பாரசீகப் பேரரசர் நவ்ஷேர்வானின் அவைக்கு இதனைப் புதிராக அனுப்பிவைத்ததாகவும், அமைச்சர் புஸுர்க்மிஹ்ர் அதனை விடுவித்ததாகவும் பஹ்லவி மொழியில் ஒரு சிறுநூல் உண்டு. ஃபிர்தௌஸியின் ஷாநாமாவிலும் அக்கதை வருகிறது. பாரசீகம் முஸ்லிம்களின் வசமானபோது அரபு நாவில் 'ச'வும் 'க'வும் இல்லாமையால் சத்ரங்க் 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. ஸ்பெயினுக்குச் சென்ற அரபிகள் 'அஷ்ஷத்ரன்ஜ்' என்றதைக் கேட்டு ஸ்பானியர் 'அஹெத்ரெஸ்' என்றனர். போர்த்துக்கீசியர் 'ஷத்ரெஸ்' என்றனர். இன்றும் அவ்விரு மொழிகளிலும் இவையே பெயர்கள்.

காய்களின் கதை இதைவிடச் சுவையானது. நம் யானை பாரசீகத்தில் 'பீல்', அரபியில் 'ஃபீல்'. அலிஃப் லாம் சேர்ந்த 'அல்ஃபீல்' ஸ்பானிய மொழியில் 'அல்ஃபில்' ஆகி, ஆங்கிலேயன் பிஷப் என்று சொல்லும் காயின் பெயராக நிற்கிறது. ஸ்பானியச் சிறுவன் ஒவ்வொரு முறை அக்காயை எடுக்கும்போதும் தன்னையறியாமல் யானையைத்தான் அழைக்கிறான். அமைச்சர் 'ஃபிர்ஸான்', ரஷ்யர்கள் இன்றும் ராணியை 'ஃபெர்ஸ்' என்றே அழைப்பர். மூலைக் காய்க்குப் பாரசீகர் வைத்த 'ருக்' என்னும் பெயர் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு 'ரூக்' என்று நம் பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. வடமொழிப் 'பதாதி'யின் உறவான பாரசீகப் 'பியாதா' அரபியில் 'பைதக்'. வட ஆர்க்காட்டு உருது பேசும் குடும்பங்களில் 'ஷஹ்' என்று எச்சரித்து 'மாத்' என்று முடிப்பர். மாத் என்பதை அரபு 'மாத' (இறந்தான்) என்றே நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விளக்கிவந்தேன். அது பாரசீகச் சொல், 'வழியற்றுத் திகைத்தவன்' என்பது அதன் பொருள் என்று ஆய்வாளர்கள் கூறுவதைப் பின்னர்ப் படித்துத் திருத்திக்கொண்டேன். சதுரங்கத்தில் அரசன் கொல்லப்படுவதில்லை அல்லவா?

சொற்கள் மட்டும் பயணம் செய்திருந்தால் இது அகராதிக்காரரின் வேலையாக முடிந்திருக்கும். பக்தாதில் நிகழ்ந்தது வேறு. அதுவரை அரண்மனைப் பொழுதுபோக்காக இருந்த ஒன்று, எழுதப்பட்டும் விவாதிக்கப்பட்டும் ஆசிரியர்–மாணவர் மரபுடைய ஒரு கலையாக அங்கே மாறிற்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்அத்லீ என்பவர் சதுரங்க நூல் எழுதினார். கலீஃபா முதவக்கில் (கி.பி. 847–861) முன்னிலையில் நடந்த ஆட்டத்தில் அவரை அர்ராஸீ வென்றார் (இவர் மருத்துவ மேதை ராஸீ அல்லர், வேறொருவர்). ஆட்டக்காரர்களை அவர்கள் தரவரிசைப்படுத்தினர். முதல் வகுப்பினர் 'ஆலியாத்' எனப்பட்டனர். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தைப் புதிராக அமைப்பதற்கு 'மன்ஸூபாத்' என்று பெயர். தொடக்கத்தில் காய்களை அணிவகுத்து நிறுத்தும் முறை 'தஃபியா'. போர்க்களத்தில் படையை அணிவகுப்பதற்கு அரபியில் வழங்கும் அதே சொல். இன்றும் உலகெங்கும் கிராண்ட்மாஸ்டர்கள் பலமுறை ஆடிப் பழகிய தொடக்க நிலையை 'தபியா' என்கின்றனர்.

இக்கலையின் தலைமகன் அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலீ. அரபு இலக்கியம் பயின்றோர் அவரை வேறு வகையில் அறிவர்: கவிஞர் அபூதம்மாமின் வரலாற்றை எழுதியவர், அப்பாஸியர் வரலாறான 'கிதாபுல் அவ்ராக்' நூலின் ஆசிரியர், கலீஃபா அர்ராளீயின் ஆசான். எங்கள் பாடத்தில் அவர் பெயர் வருவது இலக்கிய வரலாற்றில் மட்டுமே. கலீஃபா முக்தஃபீ (902–908) அவையில் அரசவை ஆட்டக்காரரான மாவர்தீயை அவர் வென்ற செய்தியை நான் படித்தது மிகப் பிந்தியே. (அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா எழுதிய மாவர்தீ அதற்குப் பின் பிறந்தவர்.) அர்ராளீ ஒருநாள் பூத்துக் குலுங்கும் தோட்டம் ஒன்றைக் கண்டு, இதனினும் அழகியது உண்டோ என்று உடனிருந்தோரை வினவ, அவர்கள் தோட்டத்தைப் புகழ்ந்தனராம். கலீஃபாவோ, ஸூலீ சதுரங்கம் ஆடும் அழகு இதனினும் மேல் என்றாராம். இதனை மஸ்ஊதீ பதிவு செய்திருக்கிறார்.

ஸூலீ அமைத்த புதிர் ஒன்று 'ஸூலீயின் வைரம்' என்ற பெயரால் வழங்குகிறது. நான் கற்றுக்கொடுத்தாலன்றி இதனை விடுவிப்பார் இவ்வுலகில் இல்லை என்னும் பொருள்பட அவர் எழுதிவைத்தார். தற்பெருமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆயிரம் ஆண்டுகள் அவர் சொன்னபடியே ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாஹ் அதற்கு முழு விடை கண்டார். அவெர்பாஹ் நூறு வயது நிரம்பி, 2022 மே மாதம், மாமல்லபுரப் போட்டிக்கு இரண்டரை மாதங்களுக்கு முன் மறைந்தார். ஸூலீயின் முடிவு வறுமையிலும் தலைமறைவிலும் கழிந்தது. ஏறத்தாழ 946இல் பஸ்ராவில் காலமானார்.

இந்த அறிஞர்கள் எவரும் விளையாட்டைத் தமதென்று உரிமை கொண்டாடவில்லை என்பதை இங்குக் குறிக்கவேண்டும். இப்னு கல்லிகான் தம் வரலாற்றுக் களஞ்சியத்தில் ஸூலீயைப் பற்றி எழுதுகையில், இவரே சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் என்று மக்கள் பலர் நம்புவதாகவும், அது தவறென்றும், கண்டுபிடித்தவர் இந்தியரான ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்றும் திருத்துகிறார். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அரசனிடம் பரிசு கேட்ட கதை அந்த ஸிஸ்ஸாவினுடையது. 64 கட்டங்களுக்குமான கூட்டுத்தொகையை அல்பிரூனீ கணக்கிட்டுத் தந்தார்: 1,84,46,74,40,73,70,95,51,615. அவரே தம் இந்திய நூலில், இந்நாட்டில் நால்வர் பகடையிட்டு ஆடும் சதுரங்கத்தை விரிவாக விளக்கினார். யானைத் தந்தத்தைக் கொண்டு இந்தியர்கள் காய்கள் செய்வதை மஸ்ஊதீ எழுதிவைத்தார். தாய்வீட்டின் முகவரியைத் தொலைக்காமல் காத்தவர்கள் இவர்களே.

நம் குதிரைத் 'தம்பி'க்கும் இதில் பங்குண்டு. குதிரையை 64 கட்டங்களிலும் ஒரு கட்டத்தை இரு முறை மிதியாமல் நடத்திக் காட்டும் புதிர் ஒன்றுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் அதனை வடமொழிச் செய்யுளில் அமைத்தார். அதே நூற்றாண்டில் பக்தாதில் அல்அத்லீ அதனைப் பலகையில் தீர்த்தார். பின்னர் காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் தம் பாதுகா சகஸ்ரத்தில் குதிரை நடையில் படித்தால் மற்றொரு செய்யுளாகும் பாடலை இயற்றினார். காஞ்சிக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மணி நேரப் பயணம். விழாக் குழுவினர் இச்செய்தியை அறிந்திருந்தால் தம்பிக்கு இன்னும் நல்ல வரலாறு கிடைத்திருக்கும்.

ஸூலீயின் காலத்துக்கு முன்னரே இன்னொரு நகரம் இக்கதையில் நுழைந்துவிட்டது: ஸமர்கந்து. அந்நகரின் பழைய மேட்டுப்பகுதியான அஃப்ராஸியாபில் 1977இல் தொல்லியலாளர் தந்தத்தாலான ஏழு சிறு உருவங்களைக் கண்டெடுத்தனர். யானை, குதிரை வீரன், தேர் எனப் படையுறுப்புகளாக அமைந்த அவை ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஐயமின்றிச் சதுரங்கக் காய்கள் என்று சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையனவாகப் பெரும்பாலோர் கொள்வது இவற்றையே. பிற்காலத்தில் தைமூரின் அவையில் அலாவுத்தீன் தப்ரேஸி என்னும் பேராட்டக்காரர் வாழ்ந்தார். அரசனையும் ருக்கையும் ஒரே நகர்த்தலில் தாக்கும் 'ஷாஹ்ருக்' நிலையின் பெயரையே தைமூர் தம் மகனுக்கு இட்டார் என்பர்.

மாமல்லபுரத்தில் தங்கம் வென்றது அந்த ஸமர்கந்தின் நாடுதான். தரவரிசையில் 14ஆவதாக வந்த உஸ்பெகிஸ்தான், ஒரு சுற்றிலும் தோற்காமல், ஆர்மீனியாவுடன் 19 புள்ளிகளில் சமநிலை எய்தி, நுண்கணக்கில் முந்திற்று. சென்னை இளைஞர் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று நாட்டையே விழித்திருக்கச் செய்தார். பத்தாம் சுற்றில் வெற்றி கைக்கெட்டிய நிலையில் உஸ்பெகிஸ்தானின் பதினேழு வயது அப்துஸத்தோரோவிடம் தோற்றார். இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலத்தோடு நின்றது. (குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியனானார்; அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. எனவே அத்தோல்வியை இன்று அமைதியாக நினைவுகூரலாம்.)

மறுநாள் தமிழ் நாளிதழில் வென்ற ஐவரின் பெயர்களைப் படித்தேன். அச்சில் அவை வாயில் நுழையாத ரஷ்யப் பெயர்களாகத் தோன்றின. வால்களை நீக்கிப் பார்த்தேன்: அப்துஸ் ஸத்தார், யஃகூப், ஜவாஹிர், ஜஹாங்கீர், வாஹித், ஷம்சுத்தீன். எங்கள் மத்ரஸாவின் வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல் இருந்தது! அவர்கள் மொழியில் காய்களின் பெயர்கள் ஷோஹ், ஃபர்ஸின், ஃபீல், ருக், பியோதா. விளையாட்டின் பெயர் ஷஹ்மத். பக்தாதின் சொற்களைப் பேசியவாறே அவ்விளைஞர்கள் வங்கக் கடலோரத்தில் அமர்ந்து ஆடி வென்றனர். எந்தப் பத்திரிகையும் இதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வேண்டியவர்கள் நாம், நாமும் கண்டுகொள்ளவில்லை.

இதற்குக் காரணம் என்ன? மார்க்கத் தீர்ப்புத்தான் நம்மைத் தடுத்தது என்று சிலர் கூறுவர். அதனையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். சதுரங்கம் அரபுலகை அடைந்தது நபி (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பின்னர். பகடையாட்டமான 'நர்த்' குறித்த கண்டனம் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. சதுரங்கத்தைப் பற்றி ஐயத்துக்கிடமற்ற நபிமொழி ஏதுமில்லை என்பது ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலரின் முடிவு. அதனால் இமாம்கள் ஆய்வில் இறங்கினர். இமாம் மாலிக் (ரஹ்) அதனை வெறுத்தார். ஹனஃபி மத்ஹபில் அது தடுக்கப்பட்டதை ஒட்டிய வெறுப்புக்குரியது. ஆயினும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அனுமதித்ததாக ஓர் அறிவிப்பு ஹனஃபி நூல்களிலேயே காணப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் சூதும் தீச்சொல்லும் கலவாமல், தொழுகை தவறாமல் ஆடினால் அது ஹராமன்று; விரும்பத்தகாத அளவில் நிற்கும். தாபியீன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, பாராமலே ஆடக்கூடியவர் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) குறிப்பிட்டுள்ளார். இப்னு தைமிய்யா (ரஹ்) இதனைக் கடுமையாக எதிர்த்தார்: பகடையைவிடச் சதுரங்கம் மனத்தை அதிகம் ஆட்கொள்வதால் அது அதனினும் தீயது என்பது அவர் வாதம். இரவெல்லாம் கைப்பேசியில் சதுரங்கம் ஆடிவிட்டு ஃபஜ்ருக்கு எழமுடியாமல் கிடக்கும் இளைஞரைக் கண்டவன் நான். அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலாது.

மஸ்ஊதீ காட்டும் மற்றோர் உரையாடலும் சிந்திக்கத்தக்கது. பகடையை அமைத்தவன் விதி ஒன்றையே நம்பியவன். சதுரங்கத்தை அமைத்தவன் மனிதனின் தேர்வுரிமையை நம்பியவன் என்று அக்கால அறிஞர் சிலர் பேசிக்கொண்டனர். கலாம் கலையின் பெருங்கேள்வியைப் பலகை மீது வைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

தீர்ப்புகள் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறியும் வந்துள்ளன. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் விதிக்கப்பட்ட தடை 1988இல் கொமைனியின் ஃபத்வாவால் நீங்கிற்று. 2016இல் சவூதி தலைமை முஃப்தி இதனைக் கூடாதென்றார். 2017 டிசம்பரில் ரியாதிலேயே உலக விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்தது, அதில் பட்டம் வென்றவர் நம் ஆனந்த்! ஆப்கானிஸ்தானில் 2025இல் தாலிபான் ஆட்சியாளர் சதுரங்கத்தை நிறுத்திவைத்தனர். எங்கள் வட ஆர்க்காட்டு வட்டாரம் பெரும்பாலும் ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரைக் கடற்கரையோர் ஷாஃபிஈ. ஆக, ஒரே தமிழ் முஸ்லிம் சமூகத்துக்குள் இரு கரைகள். ஆனால் ஆடுவது பற்றிய தீர்ப்பு, அதன் வரலாற்றைப் படிப்பதற்குத் தடையாகாது. ஜாஹிலிய்யாக் காலத்து மதுப் பாடல்களை இலக்கணத்துக்காக நாம் மனப்பாடம் செய்யவில்லையா?

படித்தவர் வேறொருவர். ஹெச்.ஜே.ஆர். மர்ரே என்னும் ஆங்கிலேயர். பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் மகன். சதுரங்க வரலாற்றை எழுதப் புகுந்தவர், அரபுக் கையெழுத்துப் படிகளின்றி அது நிறைவுறாதென உணர்ந்து, அதற்காகவே அரபு கற்றார். 1913இல் வெளிவந்த அவரது பெருநூலில் அத்லீயும் ஸூலீயும் அவருடைய மாணவர் லஜ்லாஜும் விரிவாக இடம்பெற்றனர். இப்னுந் நதீமின் ஃபிஹ்ரிஸ்தில் இவர்களுடைய நூல்களின் பட்டியல் இருப்பதை நம் ஆலிம்களும் கண்டிருப்பர். கண்டும் பக்கத்தைப் புரட்டியிருப்பர். நானும் அப்படிப் புரட்டியவர்களில் ஒருவனே. ஒரு விளையாட்டின் வரலாற்றுக்காக அந்நியர் ஒருவர் நம் மொழியைக் கற்றார். அம்மொழியைக் கற்பிக்கும் கல்லூரிகள் இத்தனை இருந்தும், தமிழில் அதைப் பற்றி ஒரு நூல் இல்லாத நிலையில், விழா மேடையில் நம் அத்தியாயத்தைச் சொல்லவில்லை என்று அரசைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்கள்.

நடத்தும் நாட்டின் அரசியல் ஆட்டக்காரர்களின் தலையில் விழுவது ஒலிம்பியாட் வரலாற்றில் பழைய துயரம். 1976இல் ஹைஃபாவில் போட்டி நடந்தபோது அரபு நாடுகளும் சோவியத் கூட்டணியும் புறக்கணித்தன. லிபியா திரிப்போலியில் எதிர்ப் போட்டி நடத்திற்று. 1986இல் துபாயில் நடந்தபோது இஸ்ரேலுக்கு அழைப்பில்லை. 2022இல் பாகிஸ்தான் அணி இந்திய மண்ணுக்கு வந்துசேர்ந்த பின்னர், சுடர் காஷ்மீர் வழியாகச் சென்றதை எதிர்த்து, தொடக்க நாளன்றே அந்நாட்டு அரசால் திரும்ப அழைக்கப்பட்டது. ஓர் ஆட்டமும் ஆடாமல் அவர்கள் விமானம் ஏறினர். அதே அரங்கில் பலஸ்தீன மகளிர் அணிக்காக எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடினாள்; போட்டியிலேயே அவள்தான் இளையவள். நாற்காலியில் அமர்ந்தால் கால் தரையைத் தொடாத வயது.

பாகிஸ்தான் அணி திரும்பிய செய்தியைப் படித்தபோது மீர் சுல்தான் கானை நினைத்துக்கொண்டேன். பஞ்சாபின் சர்கோதா வட்டாரத்தில் பிறந்தவர். சர் உமர் ஹயாத் கானின் பணியில் இருந்தவர். லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டு 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். கபாபிளாங்காவை வென்றார். 1930இல் ஹாம்பர்க், 1931இல் ப்ராக், 1933இல் ஃபோக்ஸ்டோன் என மூன்று ஒலிம்பியாடுகளில் ஆடினார். ஆனால் தம் நாட்டுக்காக அன்று, ஆண்ட நாட்டுக்காக. அவரோடு அதே வீட்டில் பணிபுரிந்த ஃபாத்திமா என்னும் பெண் 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டம் வென்றார். பின்னர் எல்லோரும் ஊர் திரும்பினர். சுல்தான் கான் 1966இல் மறைந்தார். ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல். இவரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் வரலாற்றில் அவருக்கு இடமுண்டு. 1980 மால்டா ஒலிம்பியாடில் தம் பலகைக்கு வெள்ளி வென்ற போபால் தச்சுத் தொழிலாளி முஹம்மத் ரஃபீக் கானுக்கும் அவ்விடம் உண்டு. இவ்விருவரின் படங்களையும் நம் பள்ளிச் சுவர்களில் நான் இதுவரை கண்டதில்லை.

இஸ்தான்புல்லில் உள்ள கையெழுத்துப் படியொன்றை, அத்லீ, ஸூலீ ஆகியோரின் பகுதிகளைக் கொண்டது, பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் 1986இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். அதன் சில பக்கங்களின் நகல் எனக்குக் கிட்டிற்று. வியாழக்கிழமை அஸருக்குப் பின், விருப்பமுள்ள மூன்று மாணவர்களோடு அமர்ந்து வரிவரியாகப் படித்துத் தமிழாக்கிவருகிறேன். கேள்வி கேட்ட இருவரும் அம்மூவரில் உண்டு. ஆடுவதற்கன்று, பாடம் விளங்குவதற்கு என்று நிர்வாகத்திடம் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பலகையும் வாங்கிவைத்தோம். 'முஜன்னஹ்' என்னும் தஃபியாவைச் 'சிறகணி' என்று மொழிபெயர்த்தோம். 'மஷாயிகீ' என்பதற்குப் 'பெரியோர் அணி' என்பதா, 'ஷைகுமார் அணி' என்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஸூலீயின் காலத்தில் ராணி இல்லை. அவ்விடத்தில் நின்ற ஃபிர்ஸான் ஒரே ஒரு கட்டம் மூலைவாட்டில் நகரும். யானை ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்கும். பழகிய கை சும்மா இருப்பதில்லை. ராணியைப் பலகையின் மறுகோடிக்கு ஓட்டிவிடும் மாணவரை நிறுத்தி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஒரு கட்டத்திலேயே அதை நிற்க வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.